விருத்தாசலத்தில் பால் இல்லாமல் ஒரு டீ

விருத்தாசலத்தில் இறங்கிய கொஞ்ச நேரத்திலேயே எனக்கு வயிற்றுப்போக்கு என்று பஸ் ஸ்டாண்டு முழுக்கத் தெரிந்துவிட்டது. எனக்கு மட்டும்தான் தெரியவில்லை.

நான் செய்த குற்றம் ஒன்றே ஒன்று. டீக்கடையில் பால் இல்லாமல் ஒரு டீ கேட்டேன்.

என்னைப் பற்றி முதலில் சொல்லிவிடுகிறேன். இலங்கையில் அட்டன் பக்கத்து மலையில் பிறந்தவள். கொழும்பில் ஒரு சின்னத் தேயிலைக் கம்பெனியில் ருசி பார்க்கிற வேலை. காலையில் கோப்பைகளை வரிசையாக வைத்து, கரண்டியால் அள்ளி, சர்ரென்று சத்தம் வர உறிஞ்சி, வாய்க்குள் சுழற்றித் துப்பிவிட்டு, 'இது பிரிஸ்க், இது மால்ட்டி, இதில் பாடி இல்லை' என்று சொல்ல வேண்டும். சத்தம் வராமல் உறிஞ்சினால் காற்றுக் கலக்காது, மணம் மூக்குக்கு ஏறாது. துப்பாமல் விழுங்கிக்கொண்டே போனால் மத்தியானத்துக்குள் நெஞ்சு படபடக்கும். கல்யாண வீட்டில் சொல்லிப் பெருமைப்படுகிற வேலை இல்லைதான். ஆனாலும் என் நாக்கைப் பற்றி எனக்குத் திமிர் உண்டு.

எங்கள் முதலாளிக்குத் தமிழ்நாட்டில் இலைத் தேயிலை விற்க ஆசை. அவருடைய மருமகனுக்கோ வேறு கணக்கு. அந்த ஊரில் எல்லோரும் பாலில் போட்டுக் கொதிக்க வைப்பார்கள், தூள் அனுப்பினால் போதும், இலையும் வேண்டாம், ருசி பார்க்க ஆளும் வேண்டாம் என்பார். ஆள் என்றால் நான்தான். முதலாளி எனக்கு ஒரு சந்தர்ப்பம் கொடுத்தார். "நீ போ. சாதாரண ஊர் ஒன்றில் ஒரே ஒரு கடையையாவது நம் இலையை வாங்க வை. பெட்டியில் அச்சடிக்க, அந்த ஊர் ஆட்களுக்குப் புரிகிற மாதிரி ருசிக்கு நாலு வார்த்தை கொண்டு வா. வெறுங்கையோடு வந்தால் மருமகன் சொல்வதுதான்." இதை ஆங்கிலத்தில் சொன்னார். தமிழில் அவருக்குத் தெரிந்தது 'வணக்கம்', 'பரோட்டா' இரண்டும்தான்.

விருத்தாசலத்தை நான் பிடித்ததற்குக் காரணம் பீங்கான். ருசி பார்க்கிற கோப்பை செட்டையும் அங்கேயே செய்து வாங்கிவிடலாம் என்று, அந்த ஊர் செராமிக் எஸ்டேட்டில் பொம்மைப் பட்டறை வைத்திருக்கும் செல்வராசு என்பவருக்கு மாதிரிக் கோப்பை ஒன்றைக் கூரியரில் முன்பே அனுப்பியிருந்தேன்.

டீக்கடைக்கு வருவோம். என் கையில் ஒரு மாதிரிப் பெட்டி இருந்தது. அதன் மேல் எழுதியிருந்ததைக் கொழும்பு ஆபீசில் கம்ப்யூட்டரே மொழிபெயர்த்திருந்தது: 'சுறுசுறுப்பான, பிரகாசமான, முழு உடல் கொண்ட தேநீர்.'

கடைக்காரர் எழுத்துக் கூட்டிப் படித்தார். "முழு உடலா? உள்ளார எதுனா செத்துக் கெடக்குதாம்மா?"

"இல்லண்ணே. வாயில வச்சா கனமா இருக்கும்னு அர்த்தம்."

"அப்ப கனமா இருக்கும்னே போடலாம்ல? சுறுசுறுப்புன்னு வேற போட்டிருக்கு. டீ சுறுசுறுப்பா இருந்து என்னா பண்ணப் போவுது?"

நியாயமான கேள்வி. பேச்சை மாற்றுவதற்காக, "பால் போடாம ஒரு டீ குடுங்க" என்றேன்.

மனிதருடைய முகம் மாறியது. குரலைத் தணித்துக்கொண்டு, "காலையிலேருந்து எத்தினி தடவ போனீங்க?" என்றார்.

எனக்கு விளங்கவில்லை. பஸ்ஸைப் பற்றிக் கேட்கிறார் என்று நினைத்து, "ரெண்டு மாறி வந்தேன்" என்றேன். அவர் 'த்சொ' கொட்டிவிட்டு, டிக்காஷனை ஊற்றி, நான் கேட்காமலே எலுமிச்சம்பழத்தைப் பிழிந்து கொடுத்தார்.

பழக்க தோஷம். சர்ரென்று உறிஞ்சினேன். கொதித்துக் கொதித்து உயிர்விட்ட தூள், மேலே எலுமிச்சை வேறு. திரும்பிச் சாக்கடையில் துப்பினேன்.

"அய்யய்யோ, வாந்தியும் எடுக்குதே!" என்று பெஞ்சிலிருந்து ஒருவர் எழுந்துவிட்டார்.

உடனே ஒரு ஆட்டோக்காரர் என் பையைத் தூக்கிக்கொண்டார். செராமிக் எஸ்டேட் போக வேண்டும் என்றேன். "போவலாம், போவலாம், ஏறுங்க" என்றார். வேகத்தடை வந்த இடத்திலெல்லாம் ஆட்டோவைக் குழந்தையைப் போலத் தூக்கி இறக்கினார். "குலுங்கக் கூடாது பாருங்க" என்றார். கடைசியில் நிறுத்திய இடத்தில் பொம்மையும் இல்லை, சூளையும் இல்லை. ஒரு கிளினிக்.

"நான் எஸ்டேட்ல சொன்னேன்!"

"மொதல்ல ஒரு ஊசி போட்டுக்குங்கம்மா. பொம்மை எங்க ஓடிடப் போவுது?"

உள்ளே இருந்த பெண் அதற்குள் என் பெயரும் வயதும் கேட்க ஆரம்பித்துவிட்டாள். எனக்கு ஒன்றும் இல்லை என்று சொல்லச் சொல்ல, ஆட்டோக்காரர் அவளிடம், "வெக்கப்படுறாங்க" என்றார். நான் போட்ட கத்தலில் வரிசையில் இருந்த ஒரு குழந்தை அழுகையை நிறுத்திவிட்டது. அப்புறம்தான் எஸ்டேட்டுக்கு வண்டி திரும்பியது.

பட்டறையில் செல்வராசுவும் அவர் மனைவி மலர்க்கொடியும் வாசலுக்கே வந்தார்கள். வாருங்கள் என்று சொல்வதற்கு முன்னால் ஆட்டோக்காரர் முந்திக்கொண்டார்: "சிலோன் அக்காவுக்கு வயிறு சரியில்ல. ரெண்டு பக்கமும் போவுது."

மலர்க்கொடி என் கையைப் பிடித்தாள். "லாட்ஜெல்லாம் வாணாங்க. நம்ம வூட்லயே தங்கிக்கங்க. பாத்ரூமு பக்கத்துலயே ரூமு இருக்குது."

எங்கள் மலையில் விருந்தாளி வந்தால் பால் சேர்க்காத பிளேன்டீதான் முதல் மரியாதை. உள்ளங்கையில் கொஞ்சம் சீனி வைத்து நக்கிக்கொண்டே குடிப்போம். சாவு, கல்யாணம், தேர்தல் எல்லாவற்றுக்கும் அதுதான். இதை நான் மலர்க்கொடியிடம் விளக்கமாகச் சொன்னேன். அவள் எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "இங்க வந்தவங்களுக்குப் பால் இல்லாம டீ குடுத்தா, பாலு வாங்க வக்கத்த வூடுன்னு சொல்லிடுவாங்க. வயித்தால போனாத்தான் வரடீ. உங்களுக்கு வேணா போட்டுத் தரேன்" என்றாள். அன்று ராத்திரி எனக்கு மோர்ச் சோறு. பக்கத்தில் செல்வராசு மீன் குழம்பு சாப்பிட்டார்.

மறுநாள் கோப்பைகளைக் காட்டினார்கள். ருசிக் கோப்பை என்றால் மூடியோடு இருக்கும். வாயில் ஓரிடத்தில் ரம்பப்பல் போல வெட்டியிருக்கும். மூடியை அழுத்திப் பிடித்துச் சாய்த்தால் இலை உள்ளேயே நிற்க, சாறு மட்டும் பல்லிடுக்கு வழியாகக் கிண்ணத்தில் இறங்கும். கிண்ணம் சுத்த வெள்ளையாக இருக்க வேண்டும். அப்போதுதான் சாற்றின் நிறம் தெரியும்.

வழவழவென்று பத்துக் கோப்பை. ஒன்றிலும் பல் இல்லை.

"நீங்க அனுப்புன சாம்பிளு ஓரத்துல ஒடஞ்சி இருந்துச்சிங்க" என்றார் செல்வராசு. "பாவம், வழியில அடிபட்டுருக்கும். நாங்க அத்த சரி பண்ணி அச்சு எடுத்துட்டோம்."

"வரிசையா, ஒரே அளவுக்கு ஒடஞ்சிருக்கே, யோசிக்க மாட்டீங்களா?"

"கூரியர்காரங்க அப்பிடி கூட போடுவாங்க."

கிண்ணத்தை எடுத்துப் பார்த்தேன். அடியில் சிவப்பு ரோஜா ஒன்று சிரித்தது. பொம்மைகளுக்குக் கண் எழுதும் அஞ்சலை பெருமையோடு முன்னால் வந்தாள். "வெறும் வெள்ளையா மொட்டையா இருந்துச்சிங்க. பாக்கவே நல்லால்ல. குடிச்சி முடிச்சா பூ தெரியும்."

எனக்கு வந்த கோபத்துக்கு அங்கே காய்ந்துகொண்டிருந்த பிள்ளையார் பொம்மைகளையெல்லாம் உடைத்திருப்பேன். ஆனால் ரோஜா நன்றாகத்தான் இருந்தது. மறுபடி பல் வைத்து, பூ வைக்காமல் செய்து தருவதாக மூன்று பேரும் சத்தியம் செய்தார்கள்.

சரி, வார்த்தையாவது கிடைக்கட்டும் என்று மூன்று வகை இலை போட்டு, வடிகட்டி, ரோஜாக் கிண்ணங்களில் ஊற்றி வைத்தேன். நுவரெலியா இலை, அட்டன் இலை, மலையடிவாரத்தில் விளைகிற கீழ்நாட்டு இலை. வாருங்கள், குடித்துப் பார்த்து மனதில் பட்டதைச் சொல்லுங்கள் என்றேன். ஒருவரும் அசையவில்லை.

"எங்களுக்கு என்னாங்க? நல்லாத்தான இருக்கோம்" என்றாள் அஞ்சலை.

"சும்மா ருசிக்குத்தான்."

"சும்மா இருக்க மாத்திரைய முழுங்குவாங்களா?"

வேறு வழியில்லாமல் நானே உறிஞ்சிக் காட்டினேன், துப்பிக் காட்டினேன். பட்டறையே கண்ணை மூடிக்கொண்டது. மலர்க்கொடி ஓடி வந்து என் முதுகைத் தடவினாள். "மணவாளநல்லூர் கொளஞ்சியப்பரு கோயில்ல ஒரு பிராது கட்டிடலாங்க" என்றாள். அந்த முருகனிடம் போலீசில் கொடுப்பது போலவே எழுதிப் புகார் கொடுப்பார்களாம். யார் மேல் புகார் கொடுப்பது, என் வயிற்றின் மேலா என்று கேட்டேன். "ஆமா, வேற யாரு மேல?" என்றாள்.

அடுத்த நாள் பட்டறைக்கு லீவு. கருவேப்பிலங்குறிச்சியில் மலர்க்கொடியின் தங்கை மகனுக்குக் காதுகுத்து. பட்டறை ஆட்கள் அத்தனை பேரும் கிளம்பினார்கள், என்னையும் இழுத்துக்கொண்டார்கள். பஸ்ஸில் மூச்சு விட இடமில்லை. ஆனால் எனக்கு மட்டும் கதவோரத்து சீட்டு காலி செய்து கொடுக்கப்பட்டது. "அவசரம்னா ஒரு சத்தம் குடுங்க, நிறுத்துறேன்" என்று கண்டக்டர் எல்லோருக்கும் கேட்கும்படி சொன்னார். வெள்ளாற்றுப் பக்கத்து வயல் காற்றெல்லாம் அருமையாக இருந்தது. ஒவ்வொரு நிறுத்தத்திலும் பஸ்ஸே என்னைத் திரும்பிப் பார்த்தது.

மாமன் மடியில் உட்கார வைத்துக் காது குத்தினார்கள். மாமன், மலர்க்கொடியின் தம்பி தாமோதரன். விருத்தாசலத்தில் மெடிக்கல் ஷாப் வைத்திருப்பவர். பையன் அழுததைவிட அவர்தான் அதிகம் அழுதார். அப்புறம் பந்தி. ஆட்டுக்கறிக் குழம்பு, பிரியாணி, முட்டை, பாயசம். வாசனையில் எனக்கு நாக்கு ஊறிப்போயிற்று. இலையில் உட்கார்ந்தேன். பரிமாறுகிறவர் என்னைத் தாண்டிப் போனார். பின்னாலேயே மலர்க்கொடி ஒரு தூக்குவாளியோடு வந்தாள். மோர்ச் சோறு.

"எனக்கு ஒண்ணுமே இல்ல மலரு! சத்தியமா இல்ல!"

"பொய் சொல்லாதீங்க. நீங்க ஊருக்குப் போனா உங்க ஆளுங்க எங்களத்தான் ஏசுவாங்க."

எதிர்வரிசையில் தாமோதரன் மூன்றாம் தடவை பிரியாணி வாங்கிக்கொண்டிருந்தார். எனக்கு அழுகையே வந்துவிட்டது. கறிக்காக மட்டும் இல்லை. புறப்பட வேண்டிய நாள் நெருங்கிவிட்டது. கடையும் இல்லை, வார்த்தையும் இல்லை. கொழும்பில் என் மேசையில் மருமகன் தூள் மூட்டையை இறக்கி வைப்பது கண் முன்னால் தெரிந்தது. இனிமேல் என் நாக்கை வைத்து நான் என்ன செய்வேன், தபால்தலை ஒட்டவா?

மறுநாள் காலையில் மலர்க்கொடி வீட்டுப் பாத்ரூம் கதவு திறக்கவே இல்லை. உள்ளே செல்வராசு. வெளியே மலர்க்கொடி கதவைத் தட்டிக்கொண்டிருந்தாள். நான் பட்டறைக்குப் போனேன். அங்கே அஞ்சலை பிள்ளையாருக்கு ஒரு கண் எழுதியிருந்தாள், இன்னொரு கண்ணுக்கு ஆளைக் காணோம். மற்றவர்கள் கொல்லைப் பக்கம் வரிசையில் நின்றார்கள். பாயசமா, கறியா என்று அந்த நிலையிலும் ஒரு தகராறு ஓடிக்கொண்டிருந்தது. ஊர் முழுக்க ஆரோக்கியமாக இருந்த ஒரே ஆள், வயிற்றுப்போக்குக்காரி நான்.

கொஞ்ச நேரத்தில் மலர்க்கொடி சுவரைப் பிடித்துக்கொண்டு வந்து சேர்ந்தாள். "அக்கா, அந்த உங்க வரடீ இருக்குதா?"

இருக்கிறதாவாம்! உப்புச் சர்க்கரைத் தண்ணீர் ஒரு குடம் கலக்கி முதலில் எல்லோருக்கும் கொடுத்தேன். பிறகு அடுப்பை மூட்டினேன். என் வாழ்க்கையில் அவ்வளவு சந்தோஷமாகத் தண்ணீர் கொதிக்க வைத்ததில்லை. மூன்று இலையும் போட்டேன், பத்து ரோஜாக் கிண்ணமும் நிரப்பினேன். ஒருவரும் மறுக்கவில்லை.

"இது தண்ணி" என்றாள் அஞ்சலை, நுவரெலியாவைக் குடித்துவிட்டு. "அடியில ரோசாப்பூ நல்லாத் தெரியுது பாருங்க. ஆனா வாசன இருக்குது. எலுமிச்ச மரத்தடியில போயி நின்னாப்புல."

அட்டன் கிண்ணத்தை மலர்க்கொடி எடுத்தாள். கன்னம் இரண்டும் உள்ளே ஒட்டிக்கொண்டன. "சுரீர்னு புடிக்குதுங்க! கொட்டப்பாக்க கடிச்சாப்புல இருக்குது. புடிச்சிட்டு அப்புறம் வுட்டுடுது, எச்சி ஊறுது."

பிரிஸ்க்! நான் கத்தியே விட்டேன். சுறுசுறுப்பாம், கம்ப்யூட்டரின் தலை! அட்டன் இலையின் உயிரே அந்தப் பிடித்து விடுகிற துவர்ப்புதான். அது இல்லாவிட்டால் டீ சவசவவென்று போகும்.

செல்வராசு இரண்டு நடைக்கு நடுவில் வந்து கீழ்நாட்டு இலையைக் குடித்தார். "இது கெட்டியா எறங்குது. ரோசாவே தெரியல. கேவுரு மாவ வறுத்த வாசன…" பாதியில் ஓடினார்.

"கேழ்வரகா? வறுத்ததா, கருகினதா?" நான் பின்னாலேயே ஓடினேன். மால்ட்டி, மால்ட்டி என்று இத்தனை வருஷம் நான் சொன்னது அந்த மணத்தைத்தான். எங்கள் வீட்டில் கேழ்வரகே வறுத்ததில்லை. எனக்கு அது ஏதோ வெள்ளைக்காரன் பிஸ்கட் என்றே மனதில் இருந்தது.

"வறுத்ததுங்க!" என்று உள்ளிருந்து பதில் வந்தது. "கருகல! கொஞ்சம் வுடுங்களேன்!"

மத்தியானம் தாமோதரன் வந்தார், வெளிறிப்போய். கடையில் இருந்த மாத்திரையை எல்லாம் காதுகுத்துக்கு வந்தவர்களுக்கே கொடுத்து முடித்துவிட்டதாகச் சொன்னார். மூன்று கிண்ணமும் குடித்துப் பார்த்து, கண்ணை மூடி, தீர்ப்புச் சொன்னார்: "இது தொண்டைக்கு. இது வயித்துக்கு. இந்தக் கெட்டியா இருக்கறது மொத்த ஒடம்புக்கும்." முழு உடல் கொண்ட தேநீருக்கு ஒருவழியாக ஒரு ஆதரவாளர் கிடைத்துவிட்டார்.

சாயங்காலம் பட்டறை நிமிர்ந்து உட்கார்ந்தது. வயிற்றுப்போக்கை நிறுத்தியது உப்புச் சர்க்கரைத் தண்ணீரும் தாமோதரனின் மாத்திரையும் என்பது என் கருத்து. யாரும் கேட்கவில்லை. என் கருத்தை அந்த ஊரில் எப்போதுதான் கேட்டார்கள்? "உங்க எலதான் கட்டுச்சி" என்று தாமோதரன் அடித்துச் சொன்னார். என் கையில் இருந்த பெட்டிகளை எல்லாம் தன் கடைக்கு விலைக்கு எடுத்துக்கொண்டார், இன்னும் அனுப்பச் சொன்னார்.

கொழும்புக்குப் போன் போட்டு, ஒரு கடை நம் இலையை வாங்கிக்கொண்டது என்றேன். 'பிடித்து விடுகிற துவர்ப்பு, வறுத்த கேழ்வரகு மணம், கெட்டியாக இறங்கும்' என்று சொல்லி, ஆங்கிலத்தில் அர்த்தமும் சொன்னேன். முதலாளி மூன்றையும் எழுதிக்கொண்டார். பிறகு, "நன்றாக இருக்கிறது. மருமகனிடம் நானே சொல்கிறேன். உன் மேசை உன்னுடையது" என்றார்.

"கடை எப்படிப்பட்டது?" என்று கேட்டார்.

"மெயின் ரோட்டுல சார். எப்பவும் கூட்டம்."

"நம் பெட்டிக்குப் பக்கத்தில் எந்தக் கம்பெனித் தேயிலை வைத்திருக்கிறார்கள்?"

அப்போது நான் தாமோதரனின் கடையில்தான் நின்றிருந்தேன். அலமாரியைப் பார்த்தேன். ஒரு பக்கம் பேதிக்குக் கலக்கும் உப்புப் பொட்டலம், இன்னொரு பக்கம் குழந்தைகளின் வயிற்றுவலி மருந்து. "நமக்குப் போட்டியா யாருமே இல்ல சார்" என்றேன்.

போனை வைத்ததும் ஒருவர் வந்தார். லுங்கி கட்டின, திடகாத்திரமான ஆள். வாசலில் கேள்விப்பட்டதாகச் சொல்லி, அந்த சிலோன் டீ ஒன்று வேண்டும் என்றார். தாமோதரன் பெட்டியை எடுத்து, பேனாவால் அதன் மேல் காலை ஒன்று, ராத்திரி ஒன்று என்று கோடு போட்டுவிட்டு, என் பக்கம் திரும்பினார்.

"சாப்பாட்டுக்கு முன்னாலயா, பின்னாலயாக்கா?"

இது மருந்தே இல்லை என்று சொல்ல வாயைத் திறந்தேன். அந்த ஆள் ரொம்பப் பயபக்தியோடு என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"பின்னால" என்றேன். "பால் மட்டும் சேக்கவே கூடாது."

"சேக்க மாட்டங்க" என்றார் அவர், கைகூப்பாத குறையாக.